கில்டெரன் பிரபுவின் பதிலாள் சீட்டு

1.

இந்தக் கதை ஒரு விதியிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டப்ளினில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, மழையில் ஓரம் நனைந்த ஒரு பழைய புத்தகத்தில் அதைப் படித்தேன். அயர்லாந்தின் பிரபுக்கள் அவைக்கு வர முடியாத பிரபு, தன் வாக்கைச் சீட்டில் எழுதி இன்னொரு பிரபுவிடம் கொடுத்துவிடலாம். ஆனால் அவரே நேரில் வந்து அவைக்குள் காலடி வைத்தால், அந்தச் சீட்டு செல்லாது.

பேருந்து வந்தது. நான் ஏறவில்லை. அந்தக் காலடியை வைக்கத் தவிக்கும் ஒருவர் என் கண்முன் வந்துவிட்டார்.

(விதி உண்மை. மனிதர்கள் என் கற்பனை.)

2.

முதல் தொடக்கம்: 'ஆயிரத்து எண்ணூறாம் ஆண்டு, பிப்ரவரி. வானமே அழுத அந்தக் காலையில், அஞ்சா நெஞ்சரான கில்டெரன் பிரபு...'

வேண்டாம். அவர் எல்லோரையும்போல அஞ்சுகிறவர்.

இரண்டாவது: கில்டெரன் பிரபுவின் வலது கால் கட்டைவிரல் கீல்வாதத்தில் வீங்கியிருந்தது.

இது சரி. அந்த வீக்கத்தைக் காரணம் காட்டித்தான் அவர் வெஸ்ட்மீத்தில் தன் வீட்டிலேயே தங்கிவிட்டார். டப்ளினிலோ, அயர்லாந்தின் நாடாளுமன்றத்தைக் கலைத்து லண்டனோடு இணைக்கும் தீர்மானம் மறுநாள் மாலை வாக்கெடுப்புக்கு வருகிறது. ஆதரித்தால் அவருக்கு ஏர்ல் என்ற இன்னும் உயர்ந்த பட்டம் என்று பேச்சு. இருபது வருடம் அந்த நாடாளுமன்றத்துக்காகவே பேசிய வாயால் 'சம்மதம்' என்று சொல்லக் கூசியது. அதனால் அதைச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, நண்பரான இன்னொரு பிரபுவிடம் அனுப்பிவிட்டார்.

காலை உணவின்போது அவருடைய அக்கா லெட்டிஸ் ஆரம்பித்தாள்.

"ஏன்டா, உன் வாக்கு இந்நேரம் டப்ளினுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நீ இங்க உக்காந்து முட்டை உடைச்சுக்கிட்டு இருக்கே."

"கால் வலிக்குதுக்கா."

"காலாலயா கையெழுத்துப் போட்டே?"

"எப்படியும் இணைப்பு ஆளுங்கதான் ஜெயிக்கப்போறாங்க. என் ஒரு வாக்கால என்ன மாறிடும்?"

"ஒண்ணும் மாறாது. நாளைக்கு உன்னை ஏர்ல்னு கூப்பிட்டா, கூசாமத் திரும்பிப் பாப்பியா?"

பிரபு முட்டையைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியைப் பூட்டச் சொன்னார்.

3.

வண்டியோட்டி ஃபெலிமை நான் முதலில் தப்பாக எழுதியிருந்தேன். 'நம்ம நாட்டுக்காகப் பறக்கிறேன் எசமான்!' என்று சாட்டையைச் சொடுக்கினான். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். ஃபெலிம் கத்தோலிக்கன்; பிரபு புராட்டஸ்டன்ட். அந்த நாடாளுமன்றத்தில் கத்தோலிக்கர் எவரும் உட்கார முடியாது. லண்டனோடு இணைந்தால் அந்தத் தடை நீங்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. தான் ஆசைப்படும் தீர்மானத்துக்கு எதிராக வாக்களிக்கப் போகிறவரைத்தான் அவன் ஏற்றிக்கொண்டு போகிறான். அவனை உற்சாகமாகச் சாட்டை வீசவைத்தால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

இரண்டாம் நாள், டப்ளின் சாலையில் கில்காக் ஊரைத் தாண்டியதும் பிரபு ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"இன்னும் வேகமாப் போக முடியாதா?"

"குதிரைங்களால முடியும் எசமான்."

"அப்புறம் யாரால முடியல?"

ஃபெலிம் திரும்பாமலே சொன்னான். "இணைப்பு வந்தா எங்க ஆளுங்களும் உள்ள உக்காரலாம்னு பாதிரியார் சொன்னாரு. நீங்க அதைத் தடுக்கப் போறீங்க. அதுக்கு நான் வண்டி ஓட்டுறேன்."

"அது நடக்கும்னு பாதிரியாருக்கு யார் சொன்னது?"

"உங்களுக்குப் பட்டம் தர்றோம்னு சொன்ன அதே பெரிய மனுஷங்கதான்."

பிரபு சிரித்துவிட்டார். பிறகு தலையை உள்ளே இழுத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

[அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இணைப்பு நடந்த பிறகும் அந்தக் கதவு திறக்க இருபத்தெட்டு வருடம் ஆகும். ஃபெலிமின் காதில் இதைச் சொல்லிவிட ஆசை. சொன்னால் குதிரைகளை விரட்டியிருப்பானா? தெரியவில்லை.]

4.

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

வண்டியின் அச்சு முறிகிறது, தாமதமாகிறது, யார் மேலும் பழி இல்லை. பிரபு கட்டைவிரலுக்குப் பின்னால் ஒளிந்தார் என்றால், நான் அச்சுக்குப் பின்னால் ஒளிகிறேன். கிழித்துவிட்டேன்.

பிரபு உள்ளே போகிறார், 'சம்மதமில்லை' என்கிறார், தோற்கிறார், தலைநிமிர்ந்து வெளியே வருகிறார். இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வெளியே வண்டியோடு ஃபெலிம் காத்திருக்கிறான். ஐம்பது மைல் திரும்பிப் போக வேண்டும். அந்தப் பயணத்தை என்னால்...

5.

ஆக, அவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். படியேறப் பிரபுவுக்குத் தோள் வேண்டியிருந்தது, ஃபெலிம் கொடுத்தான். அவையின் கதவு இன்னும் திறந்திருக்கிறது. பத்தடி தூரம். ஃபெலிம் நின்றான்.

"உள்ளயா எசமான், வண்டிக்கா?"

"நீ சொல்லு, ஃபெலிம்."

"எங்களுக்கு இங்க பேச்சு கிடையாதுன்னு சட்டம் போட்டவங்க நீங்க. இன்னைக்கு உங்களுக்கு வலிக்குதுன்னு என்னைக் கேக்காதீங்க."

பிரபுவின் கை அவன் தோளை இறுகப் பற்றியது.

"ஃபெலிம், நான்..."

இந்த வாக்கியத்தைப் பதின்மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன். எல்லாமே அழகாக இருந்தன. எதையும் ஒரு மேடையில் நின்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தோளில் தன் முழு எடையையும் சாய்த்தபடி, அந்தக் காதுக்கு அவ்வளவு அருகில் சொல்லக்கூடியதாக ஒன்றுகூட இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். சீக்கிரம். வாயிற்காவலர் கதவில் கை வைத்துவிட்டார். ஃபெலிம் இன்னும் பிரபுவைத் தாங்கிக்கொண்டு நிற்கிறான்.