போர்த்தப் போர்த்தக் குளிர்ந்தவர்

2009 சித்திரையில் வளைகுடாவிலிருந்து புவனகிரிக்குத் திரும்பிய தங்கராசு, அங்கே நாலு வருஷம் வேலை பார்த்த கோல்டு ஸ்டோரேஜின் குளிரையும் உடம்போடு கொண்டுவந்துவிட்டார். அவர் பக்கத்தில் வைத்த தேங்காயெண்ணெய் கத்திரி வெயிலிலும் உறைந்தது. இட்லி மாவு மூன்று நாளானாலும் பொங்கவில்லை. தெருவில் இரண்டு நாள் பேசினார்கள். பிறகு வாடாமல் இருக்கட்டும் என்று மல்லிகைச் சரத்தை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர் மனைவி அமராவதிக்கு எண்ணெயைப் பற்றியோ மாவைப் பற்றியோ கவலை இல்லை. அவர் ஊரில் இல்லாதபோது பிறந்த மகள் காயத்ரி, அப்பா மடியில் முழுசாக ஒரு நிமிஷம் உட்கார்ந்ததில்லை. ஏறிய வேகத்தில் உதடு நீலம் பாரித்து இறங்கிவிடுவாள். தங்கராசு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அமராவதிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

நல்ல பஞ்சுப் போர்வையாகப் போர்த்தினால் சூடு ஏறிவிடும் என்று, சிதம்பரத்தில் மெத்தை தைக்கும் ஹபீபுல்லா பாயிடம் போனாள். இலவம்பஞ்சு லேசு, ஆனால் ஓரத்துக்கு ஒதுங்கும். பாலியஸ்டர் பஞ்சு துவைக்கத் தோது. பருத்தி அடங்கிக் கிடக்கும், ஆனால் சாணுக்கு ஒரு முடிச்சு போடாவிட்டால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். பாய் சொல்லச் சொல்ல அவளுக்குத் தலை சுற்றியது. முதலில் இலவம்பஞ்சு வாங்கினாள். ஒரே வாரத்தில் தங்கராசுவின் மீசையில் பனி பிடித்தது. அடுத்த வருஷம் பாலியஸ்டர். சுவரெல்லாம் ஈரம் கோத்தது. மூன்றாம் வருஷம் பருத்தி. முடிச்சுக்கு முடிச்சு மிளகளவு ஐஸ். பஞ்சு நல்லதாக ஆக, குளிரும் ஜாஸ்தியானது. தப்பு பஞ்சிலா, நூலிலா, தன் ராசியிலா என்று அவளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

"முடிச்ச இன்னும் நெருக்கிப் போட்டுப் பாக்கலாமா பாய்?"

"முப்பது வருசமா தைக்கிறேம்மா. போத்துனா குளுர்ற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றார் பாய். அவரும் குழம்பித்தான் போயிருந்தார்.

அந்த ஆவணியில், பரங்கிப்பேட்டையிலிருந்து மீன் கொண்டுவரும் கொளஞ்சியம்மாள் கூடையை இறக்கும்போது, கழுத்துவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த தங்கராசுவைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"ஏன்டி, நாங்க ஐஸ்மேல உமியக் கொட்டி சாக்கப் போட்டு மூடுறோமே, குளுரு போறதுக்கா? போவாம இருக்கத்தானே!"

சொல்லிவிட்டு, சங்கரா வேண்டுமா, காரப்பொடி வேண்டுமா என்று கேட்டாள். அமராவதி இரண்டையும் வாங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேலாகத் தப்பான ஆளுக்குப் போர்த்தியிருக்கிறோம் என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பருத்திப் போர்வையை அவர்மேலிருந்து உருவினாள். இரண்டு நாள் வெயிலில் போட்டு மொறுமொறுவென்று காயவைத்தாள். அதில் மகளைச் சுருட்டி, முகம் மட்டும் தெரியத் தூக்கி, அவர் மடியில் வைத்தாள்.

"கைய முன்னால கொண்டாங்க மாமா."

காயத்ரி சாயங்காலம் வரை இறங்கவில்லை. தங்கராசு கால் மரத்துப்போயும் அசையவில்லை.

அந்த டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் அடித்ததில் அந்தத் தெருவுக்குப் பதினெட்டு நாள் கரண்ட் இல்லை. அக்கம்பக்கத்துப் பால் பாக்கெட்டுகளும், எதிர்வீட்டு ராமாமிர்தத்தின் இன்சுலின் டப்பாவும் தங்கராசுவின் விலாவோரம் வந்து சேர்ந்தன. யாரும் அதிசயப்படவில்லை, அவரவர் டப்பாவில் பேர் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்கள். மடியில், போர்வைக்குள், காயத்ரி ஏழாம் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இன்சுலின் டப்பா முதுகுல குத்துது. தள்ளி வை."

தங்கராசு தள்ளி வைத்தார்.