ஒரே தடவை கேட்கிற ஏஜெண்டு

எங்கள் வீரசோழனில் யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை "எதுக்கு இதெல்லாம்?" என்று இழுக்க வேண்டும். மூன்றாம் தடவைதான் வாங்கிக்கொள்ளலாம். முதல் கேள்விக்கே கையை நீட்டினால், காஞ்ச மாடு கம்பங்கொல்லையில் விழுந்த மாதிரி என்று பேசிவிடுவார்கள். நாற்பத்தைந்து வருடமாக நான் இந்த ஒழுங்கில் பிசகியதே இல்லை.

என் தம்பி முகம்மது அனீஸ் அபுதாபியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். பத்து வருடமாக மாதம் பிறந்தால் போன் வரும். "அக்கா, கொஞ்சம் அனுப்புறேன்." வேணாம்ப்பா என்பேன். "அட, வாங்கிக்கக்கா." உன் பிள்ளைகளுக்கு வச்சுக்க என்பேன். "அனுப்பிட்டேன், போ." அதோடு முடிந்தது. இருவருக்கும் மரியாதை குறையாது.

இந்த வருடம் அவனுக்குச் சம்பளம் டோக்கனாக, கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கிற காசாக வருகிறது. ஒரு டோக்கன் ஒரு டாலராம், ரூபாயாக மாற்றிக்கொள்ளலாமாம். அதை அவன் வாலட்டிலிருந்து, அதாவது போனுக்குள் இருக்கும் பணப்பையிலிருந்து, என் வாலட்டுக்கு அனுப்ப ஒரு ஏஜெண்டை எழுதி வைத்திருக்கிறான். ஏஜெண்டு என்றதும் விசா ஏஜெண்டு மாதிரி பெட்டி தூக்கிய ஆள் என்று நினைத்தேன். ஆள் கிடையாது, வெறும் புரோகிராம். தேதி பார்த்து, என்னிடம் கேட்டு, தானே அனுப்பிவிடும். விலாசம் தப்பிப் போனால் திரும்பி வராது என்பதால், அனுப்புவதற்கு முன் கேட்கும்படி வைத்திருந்தான். என் மகள் ஷஹீனாதான் என் போனில் வாலட்டைத் திறந்து கொடுத்தாள்.

ஷஹீனாவுக்கு மதுரையில் நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பத்தாறாயிரம் கட்டாவிட்டால் சீட்டு அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அவள் அத்தாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, காரியாபட்டிச் சந்தையில் வெங்காய வியாபாரம். இந்தத் தடவை லோடு முழுக்க அழுகிவிட்டது. என் தையல் காசு நூலுக்கும் ஊசிக்கும் சரி. தம்பியை விட்டால் வேறு வழியில்லை. அதை அவனிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்குத்தான் நாக்கு எழவில்லை.

புதன்கிழமை காலையில் என் போனில் ஏஜெண்டு வந்தது. "வணக்கம். அனீஸ் சார்பாக உங்கள் வாலட்டுக்கு டோக்கன் அனுப்பலாமா?"

எவ்வளவு அழகான தமிழ்! எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "எதுக்குப்பா இதெல்லாம், வேணாம்" என்று அடித்தேன்.

"சரி. அனுப்பவில்லை. நன்றி."

இரண்டாம் தடவை கேட்கட்டும் என்று காத்திருந்தேன். லுஹர் தொழுகை நேரம் ஆயிற்று, அஸரும் ஆயிற்று. ஒரு சத்தமும் இல்லை.

"அது கேட்டுச்சு, நீ வேணாம்னே, அது போயிருச்சு. எம்மா, அது என்ன பக்கத்து வீட்டு மாமியா, கெஞ்சிக்கிட்டு நிக்க?" என்று ஷஹீனா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கிவிட்டது.

வியாழக்கிழமை மதியம் அனீஸே கூப்பிட்டான். "என்னக்கா, வேணாம்னுட்டியாமே? எதும் கோவமா?"

"கோவம் என்னத்துக்கு? ஒரு தடவ வேணாம்னா விட்டுர்றதா? இதுக்கு இங்கிதமே சொல்லிக் குடுக்கலையா நீ?"

"நாந்தான்க்கா அப்படி எழுதுனேன். மறுத்தவுககிட்ட ரெண்டாவது தடவ கேக்காது. அவுகளாக் கேட்டா மட்டும் குடுக்கும்."

"எதுக்குலே அப்படி?"

"பத்து வருசமா நீ வேணாம்னே, நானா அனுப்பிட்டேன். நெசமா வேணாமா, ஒப்புக்கு வேணாமான்னு எனக்கு ஒரு தடவகூடத் தெரியலக்கா. நீ மனசில்லாம வாங்குறியோன்னு உறுத்திக்கிட்டே கெடந்துச்சு. இதாவது உன்கிட்ட நெசத்த வாங்கட்டும்னு நெனச்சேன். சரி விடு, இப்ப நானே அனுப்பிரவா?"

"வேணாம்ப்பா" என்றது என் வாய். சனியன் பிடித்த வாய்! நாக்கைக் கடித்துக்கொண்டேன். "நீ போன வையி. அதுகிட்ட நானே கேட்டுக்கிறேன்."

அவன் இத்தனை வருடம் உறுத்தலோடு கொடுத்திருக்கிறான், நான் கூச்சத்தோடு வாங்கியிருக்கிறேன். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் போனை எடுத்தேன். பக்கத்தில் ஆளே இல்லாதபோதும் முகம் சூடாயிற்று. ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தேன்.

"வேணும்."

உடனே பதில் வந்தது. "எவ்வளவு வேண்டும்?"

திரும்பத் திரும்பப் படித்தேன். என் அத்தாவும் புருஷனும் தம்பியும் எனக்கு நிறையக் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு வேண்டும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

நாற்பத்தாறாயிரம் ரூபாய், மகள் படிப்புக்கு என்று அடித்தேன்.

"குறித்துக்கொண்டேன். இது போதுமா?"

எங்கள் வீட்டில் சாப்பிடும்போது போதும் என்றால் சோற்றில் இன்னொரு கரண்டி ஆணம் விழும். இது ஊற்றாது. சொன்னால் சொன்னதுதான். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக உட்கார்ந்து யோசித்தேன்.

தையல் மிஷின்மேல் என் கண்ணாடி கிடந்தது. ஒரு பக்கக் காம்பு ஒடிந்து, நூலால் கட்டியது. அதை மாட்டினாலும் ஊசிக்காது தெரிவதில்லை. தினமும் காலையில் ஷஹீனாதான் பத்து ஊசியில் நூல் கோத்து வைப்பாள். அவள் மதுரைக்குப் போய்விட்டால் யார் கோப்பார்கள்?

"எனக்குக் கண்ணாடி போட இன்னும் ரெண்டாயிரத்து இருநூறு" என்று சேர்த்தேன்.

"சேர்த்துவிட்டேன். இது போதுமா?"

"போதும்" என்று அடித்தேன். உண்மையாகவே போதும்.