பூட்டுப் போட்ட வாய்

"என் வாய்க்கு ஆண்டவரே பூட்டுப் போட்டு, சாவியைத் தன் கையில வச்சிருக்காரு. நீ தைரியமா சொல்லும்மா" என்றாள் தையற்காரியிடம் அவள் நாத்தனார்.

சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள்தான் தையல் மெஷினை மிதிப்பது? குடியை விட்டு, மறுவாழ்வு இல்லத்திலிருந்து திரும்பி, பேக்கரியில் மாவு பிசையும் வேலையில் சேர்ந்திருந்த மகன், ஒரே ஒரு நாள் சறுக்கிவிட்டான். மறுநாள் அவனே அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். வேலை போச்சுன்னா நான் மறுபடி எழுந்திருக்க மாட்டேன்."

"என் உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்டா" என்று அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். சத்தியம் பண்ணாதே என்று ஞாயிறுதோறும் சர்ச்சில் காது குளிரக் கேட்டவள்தான். உயிர் ஒன்றும் போகவில்லை. வாரம் முடிவதற்குள் நாத்தனாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

நாத்தனார் லேசுப்பட்டவள் அல்ல. வெள்ளிக்கிழமைப் பெண்கள் ஜெபக் கூட்டம் அவள் வீட்டு முன்னறையில்தான். அவள் ஜெபிக்க ஆரம்பித்தால் மின்விசிறிகூடக் களைத்துப்போகும்.

அந்த வெள்ளிக்கிழமை எல்லாரும் பாயில் முழங்காலிட்டுக் கண்ணை மூடியிருந்தார்கள். நோயாளிகள் முடிந்தார்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் முடிந்தார்கள். திடீரென்று நாத்தனாரின் குரல் தழுதழுத்தது.

"ஆண்டவரே, என் தம்பி மகனைப் பாரும்! மறுவாழ்வு இல்லத்துக்குப் போய் வந்தும் மறுபடி குடித்துவிட்டானே, அந்தப் பிள்ளையைத் தூக்கி எடும்!"

"ஐயோ, ஆண்டவரே" என்று அறையே முனகியது. தையற்காரிக்குத் தலையில் இடி விழுந்தது. கண்ணைத் திறந்தாள். திறந்திருந்த இன்னொரு ஜோடிக் கண்கள் பேக்கரி முதலாளியின் மனைவியுடையவை. ஜெபத்துக்குக் குறுக்கே எப்படிப் பேசுவது? எல்லாரும் "ஆமென்" என்றபோது பழக்கதோஷத்தில் இவளும் "ஆமென்" என்றாள். பாவி வாய்! பெற்ற பிள்ளையின் பிழைப்பில் மண் விழுந்ததற்கு ஆமென்.

மறுநாளே மகனை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் கத்தவில்லை. "நீயாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போனான். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து படுக்க வைத்தார்.

செய்தி கேட்டு நாத்தனார் ஓடி வந்தாள். "நான் மனுஷங்ககிட்டயா சொன்னேன்? ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்?"

"அவரு என்ன செவிடா அண்ணி? வேலியா இருப்பீங்கன்னு நம்பினேன், நீங்களே மேஞ்சிட்டீங்களே!"

"மனசுல இருந்த பாரத்துல வாய்ல வந்துடுச்சும்மா."

"பாரமா? எல்லாரும் 'ஐயோ'ன்னு முனகினாங்களே, அது கேக்க நல்லா இருந்துச்சு, இல்ல?"

"இருந்துச்சு" என்றாள் நாத்தனார். பிறகு உடைந்து அழுதாள். "ஊர்ல எவ விழுந்தாலும் நான் விழ மாட்டேன்னு இருந்தேனே. வா, ஜெபம் பண்ணலாம்." முழங்காலிட்டுக் கண்ணை மூடினாள்.

"கண்ணைத் திறங்க அண்ணி. என் மூஞ்சியைப் பார்த்துப் பண்ணுங்க."

திறந்தாள். "ஆண்டவரே" என்று ஆரம்பித்தாள்; ஜெபம் அதைத் தாண்டவில்லை. கடைசியில், "என்னை மன்னிச்சிடும்மா" என்றாள்.

மன்னித்தேன் என்று சொல்லத் தையற்காரிக்கு நாக்கு எழவில்லை. ஆனால் பூட்டை முதலில் உடைத்தது யார்? அதை நினைத்ததும் கோபம் தன்மேலேயே திரும்பியது.

"என்கிட்ட கேட்டு என்ன பிரயோஜனம்? உள்ள வாங்க. அவன்கிட்ட ரெண்டு பேரும் கேக்கணும்."

மகன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். இருவரும் கட்டிலருகே நின்று கேட்டார்கள். அவன் திரும்பவில்லை.

"எனக்காக ஜெபம் பண்ணணும்னா, வெளிய போய்க் கதவைச் சாத்திக்கிட்டுப் பண்ணுங்க" என்றான்.

தையற்காரிதான் கதவைச் சாத்தினாள்.