மூன்றாவது எச்சரிக்கை

ஞானபாரி பல்கலைக்கழகத்தில் இனிமேல் காகிதத்துக்கே இடமில்லை என்று டீன் வேதாசலம் அறிவித்தார். அந்த அறிவிப்பு பதினாலு பக்கம் அச்சாகி வந்தது. மாணவர்கள் அவரவர் லேப்டாப்பிலேயே செமஸ்டர் பரீட்சை எழுதலாம். ஆனால் அது தங்கள் சொந்த லேப்டாப்தான் என்று மூன்று பிரதிகளில் உறுதிமொழி எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு கோப்பில் கட்டித் தர வேண்டும்.

முதல் பரீட்சை அன்று ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை மின்ரயிலில் நின்றுகொண்டே வந்த சினேகா, லேப்டாப் பையைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தாள். பெரியப்பா மகன் ஜோஷ்வா பயன்படுத்தித் தேய்த்துவிட்டுக் கொடுத்த பழைய லேப்டாப் அது. இடது பக்கக் கீல் உடைந்துபோய், மூடி தன் இஷ்டத்துக்கு மல்லாந்துகொள்ளும்.

அங்கிருந்து பஸ் பிடித்து, முடிச்சூர் தாண்டி கேம்பஸ் வாசலில் இறங்கியதும் வகுப்புத் தோழன் சுகுமார் பிடித்துக்கொண்டான்.

"இன்னா சினேகா, ஊசி போட வந்தவ மாதிரி மூஞ்சி கீது?"

"பயமா இருக்குடா. பாதியில நின்னுடுச்சின்னா?"

"என்துல ஒரு பட்டனே எகிறிப்போச்சி. பேனா முனையால குத்திக் குத்தி எழுதப்போறேன். நானே சிரிச்சிகினு வரல?"

அவனுக்கென்ன, சிரிப்பான். அவள் கையில் ஒரு கம்பெனி வேலைக்கான கடிதம் இருந்தது. ஜூனில் சேர வேண்டும். ஒரு பேப்பர் அரியர் என்றாலும் கடிதம் ரத்து. அதைவிடப் பெரிய பயம், பரீட்சையைக் கண்காணிக்கும் மென்பொருள். அதற்கு 'நெற்றிக்கண்' என்று வேதாசலமே பெயர் சூட்டியிருந்தார். லேப்டாப்பில் நுழைந்ததும் மற்ற எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, கேமரா வழியாக எழுதுகிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் இன்னொரு முகம் தெரிந்தால் எச்சரிக்கை. தலையைத் திருப்பினாலும் எச்சரிக்கை. மூன்றாவதில் திரை பூட்டிக்கொள்ளும். முறைகேடு என்று மூன்று செமஸ்டர் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அவளுக்குக் கடைசி வரிசையில் மூலை இடம் கிடைத்தது. பத்து மணிக்கு வினாத்தாள் திறந்தது. கேள்விகள் தெரிந்தவைதான். மூன்றாவது புரோகிராமை அடிக்க ஆரம்பித்தபோது திரை சிவந்தது.

'உங்களுக்குப் பின்னால் அடையாளம் தெரியாத நபர். எச்சரிக்கை ஒன்று.'

பின்னால் யாரும் இல்லை. சுவர்தான் இருக்கிறது. இருக்கிறதா? திரும்பிப் பார்த்தால் இரண்டாவது எச்சரிக்கை. காதைத் தீட்டிக் கேட்டாள். மின்விசிறிச் சத்தம், நாற்பது பேர் தட்டச்சு, சுகுமாரின் பேனாக் குத்து. மூச்சுச் சத்தம் எதுவும் இல்லை. மூச்சு விடாத ஆளா? கழுத்து மயிர் சிலிர்த்துக்கொண்டது. அரைப்புள்ளிக்குப் பதில் வேறெதையோ தட்டினாள்.

கால் மணி நேரம் கழித்து மறுபடி சிவந்தது. 'எச்சரிக்கை இரண்டு.' இந்தத் தடவை ஓரத்தில் சின்னப் படமும் காட்டியது. கீழே அவளுடைய வியர்த்த முகம். மேலே சிவப்புக் கட்டத்துக்குள், அவள் முகத்தைவிட மூன்று மடங்கு பெரிதாக, ஒரு மீசை சிரித்தது.

அந்த மீசை அவளுக்குத் தெரியும். ஹால் டிக்கெட்டில், கேன்டீன் டோக்கனில், கழிவறைக் கதவில் ஒட்டிய தூய்மை வாசகத்தில்கூட இருக்கும் மீசை. 'காகிதமில்லாப் புரட்சியின் தந்தையே!' என்று பல்கலைக்கழக வேந்தரை வாழ்த்தி, அவளுக்குப் பின்சுவரில், தலைக்கு நேர் மேலே ஆளுயர ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மற்றவர்களின் லேப்டாப் நேராக நின்றது. அவளுடையது மல்லாந்து வேந்தரையே பார்த்துக்கொண்டிருந்தது.

இடது கையால் மூடியை முன்னால் இழுத்துப் பிடித்தாள். மீசை மறைந்தது. ஆனால் ஒற்றைக் கையால் அறுபது வரி புரோகிராமை எப்படி அடிப்பது? அந்த ஒற்றைக் கையையும் தூக்கினாள். கண்காணிப்பாளர் ஜெயசீலி மேடம் வந்தார்.

"மேடம், வேந்தர்..."

"வேந்தர் வர்றாரா?" மேடம் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இல்ல மேடம். பின்னாடி இருக்கார். அவரைப் பார்த்து ரெண்டு வார்னிங் குடுத்துடுச்சு. ஒரு துணி போட்டு மூடிடலாமா?"

ஜெயசீலிக்கு முகம் வெளுத்தது. "யார் முகத்துல துணி போடச் சொல்ற? மேல சிசிடிவி இருக்கும்மா. எனக்கு இன்னும் ப்ரொபேஷனே முடியல."

"அப்ப இடம் மாத்துங்க மேடம்."

"இடம் மாறினா ஆப்சென்ட்னு போட்டுடும். இரு, டீனைக் கூப்பிடறேன்."

வேதாசலம் வர இருபது நிமிஷம் ஆனது. முதல் வேலையாக அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு பக்கவாட்டில் நின்றபடி சின்னப் படத்தைப் பார்த்தார்.

"அடையாளம் தெரியாத நபரா? யாரைப் பார்த்து!" என்று மென்பொருளைக் கோபித்துக்கொண்டார். அது அசையவில்லை. உடனே குரலை இறக்கினார். "மரியாதையா மறைக்கணும். ஒரு பெரிய மாலையா போட்டுட்டா?"

"சார், உயிரோட இருக்கறவர் படத்துக்கு மாலையா?" என்றார் ஜெயசீலி.

டீன் நாக்கைக் கடித்துக்கொண்டார். அலுவலகத்திலிருந்து பொன்னாடை வரவழைத்தார். சினேகா மூடியை இழுத்துப் பிடித்துக்கொள்ள, அவர் நாற்காலிக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்து, எம்பி, வேந்தரின் மூக்கு முதல் தோள் வரை பொன்னாடை போர்த்தினார். கை தானாகக் கும்பிட்டது.

மணி பதினொன்று பத்து. சினேகா மூடியை மெல்ல விட்டாள். அது மல்லாந்தது. திரை சிவக்கவில்லை. அவள் மூச்சு விட்டாள்.

"போச்சா? போச்சா?" என்று வேதாசலம் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

'எச்சரிக்கை மூன்று. தேர்வு முடக்கப்பட்டது.'

சிவப்புக் கட்டத்துக்குள் டீனின் முகம் வாய் பிளந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்து, தூக்கக் கலக்கத்தோடு மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்ட அம்மா செல்வமேரியின் முகம் சினேகாவின் கண்முன் வந்தது.

"சார், திறங்க சார். ப்ளீஸ்."

திறக்கிற அதிகாரம் டீனின் கைபேசிக்கு மட்டும்தான் உண்டு. அதில் ஒரு படிவம் வந்தது. 'இரண்டாம் நபரின் பெயர். அவர் மாணவருக்கு என்ன வேண்டும்: பெற்றோர், உடன்பிறந்தோர், நண்பர், ஆள்மாறாட்டக்காரர்.' 'வேறு' என்று ஒரு கட்டம் இல்லை. திருடர்கள் அதில் ஒளிந்துகொள்வார்கள் என்று எடுக்கச் சொன்னவர் வேதாசலம்தான். பூர்த்தியான படிவத்தின் நகல் நேராக வேந்தருக்குப் போக வேண்டும் என்று சேர்க்கச் சொன்னவரும் அவர்தான். இப்போது அந்தப் பட்டியலையே மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஒரு கமிட்டி போட்டு..."

"சார், டைம் ஓடுது."

பன்னிரண்டு நிமிஷம் வியர்த்தார். கடைசியில் தன் பெயரை எழுதி, 'நண்பர்' என்பதை அழுத்தினார். திரை திறந்தது. 'இன்னொரு முறை அதே நபர் தெரிந்தால் திறக்க இயலாது.' வேதாசலம் படாரென்று அவள் நாற்காலிக்குப் பின்னால் குந்திக்கொண்டார்.

"அம்மா, அந்த மூடியை ஒரு நிமிஷம் பிடிச்சுக்கோ. நான் வெளிய போயிடறேன்."

சினேகாவுக்கு மூன்று புரோகிராம் பாக்கி. நேரம் முப்பத்தெட்டு நிமிஷம். டீனிடம் இப்படிப் பேசுவோம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"ரெண்டு கையும் வேணும் சார். அப்படியே உக்காந்திருங்க. ப்ளீஸ், எந்திரிக்காதீங்க."

அடித்தாள். பின்னால் டீனின் முழங்கால் மளுக்கென்று சத்தம் போடும்போதெல்லாம் உயிர் போய் வந்தது. இருமல் வந்தால் என்ன செய்வார்? தும்மினால்? கால் மரத்து எழுந்துவிட்டால்? "சார், இருக்கீங்களா?" என்று உதடு அசையாமல் கேட்டாள். "இருக்கேம்மா, நீ எழுது" என்று தரையிலிருந்து பதில் வந்தது.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று பச்சையாக வந்தது. கேமரா விளக்கு அணைந்தது. அன்று முதல் தடவையாகச் சினேகா திரும்பிப் பார்த்தாள். வேந்தர் பொன்னாடைக்கு மேலே கண்ணை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார். டீன் கீழே, எழுந்திருக்க முடியாமல், அவள் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவளும் ஜெயசீலி மேடமும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். வேதாசலம் சட்டையை நீவி, தொண்டையைச் செருமி, முழு டீனாக நிமிர்ந்தார்.

"பார்த்தியாம்மா, சிஸ்டம் எவ்ளோ பெர்ஃபெக்டா வேலை செய்யுது!"

"ஆமா சார்" என்றாள் சினேகா. பையின் ஜிப்பை மூட முயன்றாள். உள்ளே மூடி மறுபடி மல்லாந்துகொண்டது.