தேதி போடாத தாள்

தனக்கு உடம்பு சரியில்லை என்பதை அவள் தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். சாப்பாட்டு மேசையில் கால அட்டவணையை விரித்து, ஒன்பதாம் வகுப்புக்கு இன்னும் இரண்டு கணக்குப் பாடவேளைகளை எங்கே நுழைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பளம் வாங்குவதில்லை என்ற பேச்சில், திங்கட்கிழமை பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாகச் சேர வேண்டும். குடிநீர்த் துறை அமைச்சர் ராஜினாமா என்று செய்தி ஓடியது. மனைவியின் உடல்நிலை காரணமாகப் பதவி விலகுவதாக அவர் கொடுத்த கடிதத்தைத் திரை முழுக்கக் காட்டினார்கள். அடியில் இருந்த ஒப்பம் மட்டும்தான் அவருடையது. தேதி யாருடையதோ, மற்ற எழுத்தெல்லாம் அவளுடையது.

அந்தக் கட்சியில் அது வழக்கம். பதவியேற்பதற்கு முன்பே ஒவ்வொரு மந்திரியும் தேதி போடாமல் ஒரு ராஜினாமாக் கடிதத்தில் ஒப்பமிட்டுத் தலைவரிடம் கொடுத்துவிட வேண்டும். தலைவருக்குப் பிடிக்காமல் போகிற அன்று தேதி விழும். எட்டு வருடங்களுக்கு முன் கணவர் வெள்ளைத் தாளோடு சமையலறைக்கே வந்துவிட்டார். அவர் எழுத்து கோழி கிளறியது போலிருக்கும். வார்டு உறுப்பினராக இருந்த காலத்திலிருந்தே மனு, நோட்டீஸ், மேடைப்பேச்சு எல்லாம் அவள் எழுதியதுதான். முதல் தேர்தலுக்குச் சுவரொட்டிப் பசை காய்ச்சியதும் அவள்தான். மந்திரி பெண்டாட்டி சம்பளத்துக்குப் போனால் எதிர்க்கட்சிக்காரன் வாயில் விழ வேண்டியிருக்கும் என்று அந்த வாரம்தான் கணக்கு ஆசிரியை வேலையை விட்டிருந்தாள்.

"காரணம் என்னன்னு போடறது?"

"எனக்கு உடம்பு முடியலைன்னு போடுங்க. குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எவன் நம்பப்போறான்?"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இப்போது அவள் கால அட்டவணையை மடித்து வைத்தாள்.

மதியம் அவர் யாரோ ஒருவருடைய காரில் வந்து இறங்கினார். அரசாங்கக் கார் அதற்குள் கைமாறியிருந்தது. நடந்தது இவ்வளவுதான்: கூட்டத்துக்குத் தலைவரின் மருமகன் வந்தபோது எல்லோரும் எழுந்தார்கள், இவர் எழவில்லை. திமிரெல்லாம் இல்லை, கால் மரத்துப்போயிருந்தது. அதை எடுத்துச் சொல்ல யாரும் விடவில்லை.

அவளிடம் அவர் முதலில் கேட்டது, காலையில் வெளியே போனாளா, யார் கண்ணிலாவது பட்டாளா என்பதைத்தான். தெரிந்த டாக்டரிடம் பேசிவிட்டாராம். பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் போதுமாம். தலைவர் ஆள் அனுப்பிப் பார்ப்பார். அவள் ஊருக்குள் நடமாடிக்கொண்டிருந்தால் தலைவரையே பொய்யராக்கியது போலாகிவிடுமாம்.

"திங்கக்கிழமை நான் ஸ்கூல்ல சேரணுங்க."

"ஸ்கூல் எங்க ஓடிப்போகுது? நான் திரும்ப உள்ள போயிட்டா உனக்கு ஸ்கூலே கட்டித் தரேம்மா."

அவள் மறுத்திருக்கலாம். ஏன் மறுக்கவில்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். பாசம் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது வெறும் பழக்கம். இருபது வருடங்களாக அவர் ஆரம்பித்த வாக்கியங்களை முடித்துக் கொடுத்தே பழகிப்போன கை.

பிரஷர் பார்த்த நர்ஸ், "என்னைவிட உங்களுக்கு நல்லா இருக்கும்மா" என்றாள். டாக்டர் அந்த நர்ஸை வேறு வார்டுக்கு அனுப்பிவிட்டு, 'மயக்கம், கண்காணிப்பு தேவை' என்று எழுதினார்.

நான்காம் நாள் பள்ளியின் செயலாளர் அம்மாள் வந்தார். தலைவர் அனுப்பிய ஆள் ஏற்கெனவே நாற்காலியில், கொண்டுவந்த பூங்கொத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"டிவியில லெட்டரைக் காட்டினாங்க" என்றார் செயலாளர் அம்மாள். "பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. உங்க அப்ளிகேஷனும் அதே எழுத்துதானே. இவ்வளவு முடியாம இருந்திருக்கீங்க, எங்ககிட்ட ஏன் மேடம் மறைச்சீங்க?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். நன்றாக இருக்கிறேன் என்றால் கைப்படப் பொய் எழுதியவள். முடியவில்லை என்றால் நோயாளி. எப்படியும் அந்தப் பள்ளி இல்லை. அப்படியும் உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பூங்கொத்துக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாக நாளாகும் போலிருக்கு" என்றாள். "வேற யாரையாவது போட்டுக்குங்க."

செயலாளர் அம்மாள் அவள் கையைத் தொட்டுவிட்டுப் போனார். தலைவரின் ஆளும் கிளம்பியதும், "பிரமாதமாப் பேசினே" என்றார் கணவர்.

ஏழு மாதம் கழித்துத் தலைவருக்கும் மருமகனுக்கும் முட்டிக்கொண்டது. தலைவர் இவரைக் கூப்பிட்டனுப்பினார். முன்னாள் அமைச்சரின் மனைவி பூரண குணமடைந்துவிட்டதாகக் கட்சிப் பத்திரிகையில் வந்தது. அதையும் அவள் படித்துத்தான் தெரிந்துகொண்டாள். பெண்கள் பள்ளியில் வேறொருத்தி சேர்ந்து, அரையாண்டுத் தேர்வும் முடிந்திருந்தது.

பதவியேற்புக்கு முந்தின நாள் காலை அவர் வெள்ளைத் தாளோடு சமையலறைக்கு வந்தார். முகத்தில் எட்டு வயது குறைந்திருந்தது. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, பெயர், துறை, வணக்கம் எல்லாம் எழுதினாள். காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது.

"உடம்பு முடியலைங்கறது இனிமே எடுபடாது" என்றார் அவர். "புதுசா ஏதாவது சொல்லேன்."

"நான் செத்துப்போயிட்டேன்னு போடட்டுமா?"

சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் தாளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார்.

"அதுக்குத் தேதி வேணுமேம்மா" என்றார்.

அவள் பேனாவை மூடி, தாளை அவர் பக்கம் தள்ளினாள். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அவர் கோபப்படவில்லை. தாளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், அங்கே நின்ற உதவியாளரிடம், உன் எழுத்து எப்படியிருக்கும் என்று விசாரித்தார்.