ரேடியேட்டருக்கு ஓர் அட்டை

"பதினாலாம் நம்பர் லாரியோட வேலைச் சீட்டெல்லாம் எனக்கு வேணும், கலேவி. ஜூலையிலேர்ந்து."

கலேவியிடம் பழைய சீட்டைக் கேட்டுவிடாதே என்று அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி இரண்டு முறை சொல்லியிருந்தார். கலேவியின் பட்டறையில் எனக்கு வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான். கேட்டுவிட்டேன்.

கலேவி காப்பியை உறிஞ்சினார். "இன்ஜினியரம்மாவுக்குச் சீட்டு எதுக்கு? உங்கப்பன் வெய்க்கோ அட்டை வைக்க மறந்துட்டான்னு விபத்து அறிக்கையில ஒரு வரி எழுது. படிச்சவ கையெழுத்துன்னா எவனும் திருப்பிக் கேக்கமாட்டான்."

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அது இதற்குத்தான் பயன்படும்போல.

"அட்டை இருந்துச்சு. இன்னிக்குக் காலையில ரேடியேட்டர்லேர்ந்து நான்தான் பிய்ச்செடுத்தேன்."

வெளியே மைனஸ் முப்பத்து நாலு. குளிர்காலத்தில் இங்கே மர லாரி ஓட்டும் எல்லோரும் ரேடியேட்டர்மீது குளிர்காற்று படாமல் அட்டை செருகுவார்கள். அப்பாவும் செருகியிருந்தார். அப்படியும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றுதான் வந்தது. நாலு மணி நேரம் அதில் ஓட்டியிருக்கிறார். வலது காலில் குளிரில் செத்துப்போன மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

காலையில் இன்ஜினைக் கிளப்பி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயில் கை வைத்தேன். இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை அந்தக் குழாய் சில்லென்றுதான் இருக்க வேண்டும். அதுவரை தெர்மோஸ்டாட் என்ற அடைப்பான் வழியை மூடி வைத்திருக்கும்; இல்லாவிட்டால் இன்ஜினும் சூடேறாது, ஹீட்டரும் சூடேறாது. இதுவோ இரண்டு நிமிடத்தில் வெதுவெதுத்தது. வெப்பமானி முள் நாற்பதைத் தாண்டவே இல்லை. தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் இறுகிவிட்டது என்று நினைத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

"தெர்மோஸ்டாட்டையே காணோம், கலேவி. கழட்டினது யாரு?"

கலேவி சிரித்தார். சீட்டுகள் வைத்த ஃபைலை எடுத்து மேசைமேல் வீசினார். "பாத்துக்கோ. அப்புறம் அழக்கூடாது."

ஜூலை பதினொன்று. 'இன்ஜின் கொதிக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டேன்.' அப்பாவின் கோணல் எழுத்து.

"உங்கப்பன் கை. இப்ப யாரப் பிடிச்சுக் குடுக்கப் போற?"

கேட்காதே என்று அப்பா சொன்னது இதற்குத்தான். ஆனாலும் அடுத்த தாள்களைப் புரட்டினேன். செப்டம்பர்: 'தெர்மோஸ்டாட் திரும்பப் போட வேண்டும்.' அக்டோபர்: 'இன்னும் போடவில்லை.' நவம்பர்: 'கால் மரத்துப்போகிறது.' மூன்றின் அடியிலும் கலேவியின் சிவப்புப் பேனா: 'அட்டை போதும்.'

ஜூலையில் கழற்றியதற்கு வெட்கப்பட்ட மனுஷன், மூன்று முறை எழுதிக் கேட்டதை என்னிடம் சொல்லவே இல்லை.

"அத வெச்சிட்டுப் போ, சைலா," என்றார் கலேவி. குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "வெய்க்கோவுக்குத் திரும்பி வர ஒரு வேலை வேணும்ல?"

"எந்தக் கால்ல நடந்து வருவார்?"

"அவன் பேரும் சேந்துதான் நாறும்."

"நாறட்டும்."

அப்பா என்னை மன்னிக்க மாட்டார். நாலு சீட்டையும், ஜூலைச் சீட்டையும் சேர்த்துத்தான், கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டேன். தொழில் பாதுகாப்பு அலுவலகத்தை மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.