தகரத்தில் ஏறிய சத்தம்

ஜீவராணிக்குக் காது அடைக்கும் நாட்களில் அவள் கேட்காமல் விட்ட சத்தமெல்லாம் லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். காது திறந்ததும் ஒன்றுவிடாமல் அவள் குடியிருக்கும் காம்பிராவுக்குள் இறங்கும். வட்டகொடைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சில வருடங்களாக இதுதான் நடப்பு. முதல் தடவை நடுமத்தியானத்தில் சேவல் கூவி, முந்தின வாரத்து ரயில் வீட்டுக்குள் ஓடியபோது சனம் பயந்துபோய்ப் பூசாரியைக் கூட்டிவந்தது. பிறகு பழகிவிட்டது. அவளைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள்தான் கொஞ்ச காலம் தலைகாட்டாமல் திரிந்தார்கள். நுவரெலியா டாக்டர், உட்காதில் நீர் ஏறி இறங்குகிறது, உப்பைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். கூரையைப் பற்றி அவரிடம் யாரும் வாய் திறக்கவில்லை. மாத்திரைக்கு அடங்குகிற சங்கதியா அது?

மலையில் கொழுந்து எடுக்கும்போதுதான் ஜீவராணிக்கு உயிர் நடுங்கும். குளவி கிளம்பினால் முதலில் பார்த்தவள் குரல் கொடுப்பாள். மற்றவர்கள் அப்படியே தேயிலைச் செடிக்கடியில் விழுந்து, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கை இழுத்துத் தலையை மூடிக்கொள்ள வேண்டும். குரல் கேட்காதவள் என்ன செய்வாள்? வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவுக்குத் தெரிந்தால் பேரை வெட்டிவிடுவார் என்று அவரிடம் லயமே மறைத்தது. காது அடைத்த நாட்களில் அடுத்த காம்பிரா நாகலெட்சுமிதான் பக்கத்து நிரையில் நின்று, எதுவானாலும் அவள் கையைத் தொட்டுக் காட்டுவாள்.

இந்த வைகாசியில் ஒரு காலை காது தெளிவாகக் கேட்டது. "இன்னைக்கி நல்லா இருக்குக்கா, நீங்க போங்க" என்று சிரித்தாள். நாகலெட்சுமி சில நிரை தள்ளிப் போனாள். தேத்தண்ணி நேரத்துக்கு முன்னாலேயே காதுக்குள் இரைச்சல் கிளம்பி, உலகம் பஞ்சுக்குள் போய்விட்டது. பெருமையாக அனுப்பிவைத்தவளைத் திரும்பக் கூப்பிட ஜீவராணிக்குக் கூச்சம். கொஞ்ச நேரத்தில் பெண்களெல்லாம் குனிவதைப் பார்த்தாள். மழை விட்ட ஈரத்தில் அட்டை ஏறியிருக்கும், பிடுங்குகிறார்கள் என்று நினைத்தாள். தன் காலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நின்றபடியே கொழுந்து கிள்ளினாள். நாகலெட்சுமி எழுந்து ஓடிவந்து அவளைத் தள்ளி, மேலே விழுந்தாள். அப்போதுதான் ஜீவராணி குளவியைப் பார்த்தாள். முகத்துக்கு நேரே நாகலெட்சுமியின் உதடு அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று பிடிபடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே நாகலெட்சுமி செத்துப்போனாள்.

கருமாதியும் முடிந்தது, அடைப்பு விடவில்லை. அதுவரை காது போவதற்குப் பயந்தவள் இப்போது அது வருவதற்குப் பயந்தாள். அந்த உதடு சொன்னது தகரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்னாலதான் சாகுறேன் என்று சொல்லியிருந்தால்? சாபம் விட்டிருந்தால்? சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாகலெட்சுமியின் மகள் தனுஷிகாவும் அதைக் கேட்பாளே. ஜீவராணி மாத்திரைகளை அடுப்பில் போட்டாள். உப்பை அள்ளி அள்ளித் தின்றாள். தகரத்தைக் கழற்றச் சொல்லிப் புருஷன் செல்லசாமியின் கையைப் பிடித்து அழுதாள். கழற்றினால் அது வேறெங்கே போய் உட்காருமோ என்று அவனுக்கும் பயம்.

உப்பு கைகொடுக்கவில்லை. லயமே வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் காது திறந்தது. "குளவி!" என்று நாகலெட்சுமியின் குரல் இறங்கியதும், துணி துவைத்தவர்கள், சோறு தின்றவர்கள், தாயம் விளையாடியவர்கள் எல்லோரும் இருந்த இடத்தில் குப்புற விழுந்து தலையை மூடினார்கள். ஓடிவருகிற காலடி கேட்டது. குளவிகளின் இரைச்சல் காம்பிராவை நிறைத்தது. அதற்குள்ளிருந்து, மூச்சு வாங்க, காதோடு சொல்வதுபோல ஒரு குரல் வந்தது.

"எந்திரிக்காத ஜீவா. இன்னும் போகல."

வேறொன்றும் இல்லை. திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள், குரல் தேய்கிற வரைக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் தனுஷிகா வாய்விட்டு அழுதாள். மறுநாள் தனுஷிகாவே கண்டாக்கையாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, பேரை வெட்ட வேண்டாமென்று மன்றாடி, ஜீவராணிக்குப் பக்கத்து நிரையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மற்றச் சத்தங்கள் ஒரு தடவையோடு தீர்ந்துவிடும். அந்தக் குரல் தீரவில்லை. ஜீவராணியின் காது திறக்கும்போதெல்லாம் இறங்குகிறது. லயத்துச் சனம் கைவேலையைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறது, குரல் ஓய்ந்ததும் எழுந்து விட்ட வேலையைப் பார்க்கிறது. ஜீவராணி மட்டும் கொஞ்சம் தாமதித்துத்தான் எழுந்திருப்பாள்.